ஃபொக்கொனியேயின் நாவலும் தோட்டத்துத் துரைத்தனமும்

பிரெஞ்சு இலக்கியத்தின் உயரிய பரிசைப் பெற்ற நாவலொன்றுக்குக் கோலசிலாங்கூர்த் தோட்டப்புறத்தில் வித்து விழுந்தது என்பதை அங்கு வாழும் தமிழருள் சிலரே அறிவர். ஆன்ரி ஃபொக்கொனியே என்பார் 1905இல் மலாயாவுக்கு வந்து, ரந்தாவ் பாஞ்சாங்கில் காடழித்துப் பால்மரம் பயிரிட்டார். 1917இல், இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகே, தென்னமரம் தோட்டத்தில் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைப் பயிரைத் தொடங்கியவரும் அவரே. செம்பனைத் தோட்டத்துக்குத் தென்னையின் பெயர் அமைந்தது ஒரு வேடிக்கை! பின்னர் துனிசியாவில் குடியேறி அவர் எழுதிய 'மலேசி' என்னும் நாவல் 1930இல் கொன்கூர் பரிசை வென்றது.

நூலின் சிறப்பை மறைப்பது நேர்மையாகாது. அக்காலத் துரைமார் பலர் வேலை வாங்குவதற்கு வேண்டிய அளவே தமிழ் கற்றனர். ஃபொக்கொனியேயோ தமிழையும் மலாயையும் விரும்பிக் கற்றவர். மலாய்ப் பந்துன்களில் அவர் உள்ளம் தோய்ந்திருக்கிறது. காட்டையும் மழையையும் அவர் தீட்டும் பக்கங்களைப் படிப்போர் ஆற்றங்கரைச் சேற்றின் மணத்தையே நுகர்வர். கதை சொல்லும் லெஸ்கால், அவனுக்கு வழிகாட்டும் ரொலேன் இருவரும் வெள்ளையர் சமூகத்தின் போலிப் பெருமையை வெறுப்பவர்கள். ஆயினும் எங்கிருந்துகொண்டு வெறுக்கிறார்கள்? குன்றின்மேல் நிற்கும் பங்களாவிலிருந்து. அந்தப் பங்களாவையும் கீழேயுள்ள லயத்தையும் பிரித்து வைத்தது எது என்னும் கேள்வி நாவலில் எழவே இல்லை.

பழனியாய் என்னும் தமிழ்ப்பெண்ணுக்கும் லெஸ்காலுக்கும் ஏற்படும் உறவை நோக்குக. ஆசிரியர் அதனைக் கனிவோடும் நயத்தோடும் வரைகிறார். ஆனால் அவளுக்குக் கூலியும் கூரையும் அளிக்கும் அதிகாரம் அவன் கையில் இருக்கிறது. அவள் 'மாட்டேன்' என்றிருந்தால் மறுநாட் காலைப் பிரட்டில் என்ன நடந்திருக்கும்? இவ்வினாவைக் கேளாமலே நாவல் அவளை அழகுபடுத்திவிடுகிறது.

இனங்களைப் பற்றிய பார்வையும் இத்தகையதே. தமிழன் பணிவுள்ளவன்; மலாய்க்காரன் கனவு காண்பவன், சீற்றம் பொங்கினால் 'அமோக்' கொள்பவன். பணியாளனான ஸ்மாயிலின் முடிவும் அவ்வாறே அமைகிறது. இவ்வகை எண்ணங்கள் குடியேற்ற ஆட்சிக்கு எவ்வளவு வசதியாக இருந்தன என்பதைச் சையத் உசேன் அலாத்தாஸ், சோம்பேறிச் சுதேசி என்னும் கட்டுக்கதையை ஆராய்ந்து 1977இல் வெளியிட்ட நூலில் விரிவாக எடுத்துக்காட்டியுள்ளார். மலாய்க்காரர் துரையின் கூலிக்கு வராததையே சோம்பல் என்றனர். தம் வயலில் அவர் உழைத்தது கணக்கில் ஏறவில்லை.

தமிழரின் 'பணிவு' பிறவிக் குணமா? ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் நிறுத்தப்பட்டபின் கங்காணி முறையே ஓங்கியது. தம் ஊரிலிருந்தும் உறவிலிருந்தும் ஆள் சேர்த்து வந்த கங்காணிக்கு, பிரட்டில் நின்ற ஆள் கணக்கில் தலைக்காசு கிடைத்தது. ஆகவே தொழிலாளியைக் காலையில் எழுப்பி நிறுத்துவது அவருக்கு வருவாய். ஊரில் இருந்த சாதியும் கடனும் கப்பலேறி உடன் வந்தன. வீடு, கடை, மருந்து, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாம் தோட்டத்துக்குள். வேலை போனால் கூரையும் போயிற்று! இவ்வேற்பாட்டின் விளைவை இரத்தத்தில் ஊறிய குணம் என்று எண்ணியதே அந்நாவலின் பெரும் பிழை.

இதற்கு மறுப்புரை 1941இல் தொழிலாளர்களாலேயே எழுதப்பட்டது. கிள்ளான் வட்டாரத்தில் ஆர். எச். நாதன் முதலியோர் முன்நின்ற வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளைக் காண்க: சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி, கள்ளுக்கடை ஒழிப்பு, உற்றாரும் நண்பரும் தோட்டத்துக்குள் வந்துபோகும் உரிமை. இவற்றோடு, துரையையும் கிராணியையும் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை நீக்குமாறும் கேட்டனர். சில காசுகளுக்காகப் போராடியவர்கள் சைக்கிளையும் மறக்கவில்லை என்பதை ஊன்றி நோக்க வேண்டும். மே மாதம் நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசரநிலை அறிவித்துப் படையை இறக்கினர். துப்பாக்கிச் சூட்டில் குறைந்தது ஐவர் மாண்டனர்.

பழந்தமிழ் ஏடுகளில் ஆங்கில அரசாங்கத்தைத் 'துரைத்தனத்தார்' என்றே எழுதுவர். தோட்டத்தில் ஒருவர் செலுத்திய ஆணைக்கும் நாட்டை ஆண்ட ஆட்சிக்கும் ஒரே சொல்! 1948 ஜூன் மாதம் நாடு முழுதும் பிரகடனமான அவசரகாலத்தில் அச்சொல்லின் பொருத்தம் புலனாயிற்று. விசாரணையின்றிக் காவலில் வைப்பதும் நாடு கடத்துவதும் அன்றாட நிர்வாகமாயின. அவ்வாண்டு டிசம்பர் 12ஆம் நாள், வட சிலாங்கூரின் பத்தாங் காலிக்கு அருகே, ஆயுதமற்ற சீனர் 24 பேரைப் பிரிட்டிஷ் படையினர் சுட்டுக் கொன்றனர். அவர்கள் வாழ்ந்ததும் ஒரு பால்மரத் தோட்டமே. அவசரகாலம் 1960 ஜூலையில் முடிந்தது. அதன் மறுநாளே உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் நடப்புக்கு வந்தது. விசாரணையில்லாக் காவலை நிலைபெறச் செய்த அச்சட்டம் 2012 வரை நீடித்தது. வெள்ளையர் விட்டுச்சென்ற நாற்காலியில் அமர்ந்தோர் அதன் கால்களை மாற்றவில்லை.

இத்தனைக்கும் ஃபொக்கொனியே ஒருவரைப் பொறுப்பாளியாக்குவது பேதைமை. அவர் கொடுமைக்காரரல்லர், தம் தொழிலாளர்மீது அன்புடையவர் என்றே நூல் காட்டுகிறது. ஆனால் அன்புடைய துரையும் துரைதான். மலாயாவை இவ்வளவு நுணுகிக் கண்ட கண்ணுக்கு, தன் பாதையில் சைக்கிளை விட்டு இறங்கி ஒதுங்கி நிற்பவன் மட்டும் புலப்படவில்லை. அவனை எழுதும் நாவலைத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் எழுத்தறிந்தவர்களிடமிருந்தே எதிர்பார்க்க வேண்டும்.