கோரஸின் மூச்சு

கல்லூரியில் சோஃபக்ளிஸின் கிரேக்க நாடகமான ‘ஆன்டிகனி’ முடிந்ததும் கைதட்டலெல்லாம் ஆன்டிகனிக்கும் அரசன் கிரேயோனுக்கும் போய்விடும். எனக்குப் பிடித்தது பின்னால் நின்று ஒரே குரலில் பேசும் குழுவான கோரஸ். ரூயா, போதார் கல்லூரிகள் உள்ள மும்பை மாட்டுங்காவில் நாடகம் பழகும் பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. சோஃபக்ளிஸின் கதையை ஜீன்ஸும் குர்த்தாவுமாக மேடையேற்றலாம். அரசனின் ஆணையை டிவி செய்தியாக்கலாம். கோரஸில் மட்டும் குறுக்குவழி கிடையாது. தீப்ஸ் நகரத்துப் பெரியவர்களாக நிற்பவர்கள் மீசை அரும்பும் வயதுக்காரர்கள். ஒருவர் வீட்டில் தமிழ், அடுத்தவர் வீட்டில் மராத்தி, இன்னொருவருக்குக் குஜராத்தி. நாக்குக்கு நாக்கு வேகம் மாறும். அதை ஒரே தாளத்துக்குக் கொண்டுவர, சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பழக வேண்டும்.

வரி தொடங்குமுன் எல்லோரும் சேர்ந்து மூச்சிழுக்கும் ஓசை முன்வரிசைக்குக் கேட்கும். கூத்தில் பின்பாட்டுக்காரர்கள் வேஷக்காரரின் வரியை ஏந்திக்கொள்வதுபோல, ஒரு குரல் இறங்கும் இடத்தில் மற்றவை தாங்கிப் பிடிக்கும். தொடங்குவதைவிட நிறுத்துவதுதான் கடினம்: கடைசி எழுத்தை யாரும் அரை நொடிகூட இழுக்கக் கூடாது. 1944-இல் பாரிஸில் அரங்கேறிய தன் ‘ஆன்டிகனி’யில் பிரெஞ்சு நாடகாசிரியர் ஷான் அனூய் கோரஸை ஒரே ஆளாகச் சுருக்கினார். ஒத்திகைக்கு நேரமில்லாதவர்களுக்கு அது வசதி. லோக்கல் ரயிலைப் பிடிக்கும் அவசரத்திலும் முழுக் குழுவையும் மேடையில் நிறுத்தத் துணிபவர்களை மெச்சத்தான் வேண்டும். இரண்டொரு இடத்தில் குரல் பிசகும். பிசகாத இடத்தில் ஓர் ஊரே பேசுகிறது.