ஆச்சிக்கு இடமில்லாத கேள்வித்தாள்

கோ-பேரன்ட்டிங் பற்றிய ஆய்வுகளைக் கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். விவாகரத்தானவர்கள் சமாச்சாரம் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரே வீட்டில் இருக்கிற அப்பாவும் அம்மாவும் பிள்ளை வளர்ப்பில் எப்படி ஒத்துப்போகிறார்கள் என்பதும் இதில்தான் வரும். 2003-ல் மார்க் ஃபைன்பெர்க் இதை நான்கு கூறாகப் பிரித்தார். அதில் ஒன்று, ஒருவரையொருவர் தாங்கிப் பிடிப்பதா, காலை வாருவதா என்பது. "செல்போன் கிடையாது" என்று அம்மா சொன்ன மறுநிமிஷமே அப்பா எடுத்துக் கொடுக்கிறாரே, அதுதான்.

2010-ல் டொய்பர்ட்டும் பின்குவார்ட்டும் 59 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பிள்ளையின் நடத்தையோடு தொடர்பு உண்டு, ஆனால் சிறியது. வீட்டுச் சண்டையால்தான் பையன் வகுப்பில் அடிக்கிறான் என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீங்க. அடம்பிடிக்கிற பிள்ளையாலும் வீட்டில் சண்டை வரும். போதாக்குறைக்கு, இத்துறையில் பல ஆய்வுகளில் கணவனைப் பற்றியும் பிள்ளையைப் பற்றியும் சொல்வது ஒரே அம்மாதான். ப்ரோகிராம் எழுதினவனே டெஸ்டிங்கும் பண்ணுகிற கதை!

ஃபைன்பெர்க் குழுவின் சோதனை இந்த வகையில் மேல். முதல் குழந்தைக்குக் காத்திருந்த 169 தம்பதிகளைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாக்கி, ஒரு குழுவுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பிள்ளைகளுக்கு 5 முதல் 7 வயது ஆனபோது ஆசிரியர்களைக் கேட்டார்கள். பயிற்சி பெற்றவர்களின் பிள்ளைகளிடம் பயமும் கவலையும் குறைவாக இருந்தன.

ஆனால் பெரும்பாலான கேள்வித்தாள்களில் வளர்ப்பவர் இரண்டே பேர். ராஜபாளையம் மில்லில் அம்மா பகல் ஷிப்ட், அப்பா நைட் ஷிப்ட் என்றால், பிள்ளையைக் குளிப்பாட்டிச் சோறூட்டி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஸ்கூல் வேன் ஏற்றுவது ஆச்சி. காலை வாருவது நடந்தாலும் மாமியார் மருமகளுக்கு இடையில்தான் நடக்கும். ஒரு தமிழ்க் குடும்பத்தைப் பற்றி மார்கரெட் ட்ராவிக் எழுதிய புத்தகம் 1990-லேயே வந்துவிட்டது. என் பிள்ளை, உன் பிள்ளை என்ற கோட்டை வேண்டுமென்றே கலைத்து வளர்ப்பதை அதில் விரிவாகக் காட்டியிருக்கிறார். ஜேம்ஸ் மக்ஹேல் போன்றவர்கள் பாட்டியையும் கணக்கில் சேர்க்கச் சொல்கிறார்கள். நம்ம பள்ளிகளுக்கு அந்தச் சேதி இன்னும் வந்து சேரவில்லை போலிருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் பெற்றோர் கூட்டத்துக்கு அப்பா, அம்மா மட்டுமே வரலாம். பையன் பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளுகிறான் என்று டீச்சர் புகார் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தவர் நைட் ஷிப்ட் முடித்து நேரே வந்த அப்பா. அந்த வாரம் முழுக்க மகன் விழித்திருந்து அவர் பார்க்கவே இல்லை. பார்த்துக்கொண்ட ஆச்சி வெளியே கேட் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாங்க.