விரல் தொட்டால் ஓடும் மேசை

நல்ல நகர்மேசை வாள் எது என்று தெரிந்துகொள்ள மோட்டாரைப் போட வேண்டியதே இல்லை. மேசை வண்டியின் பூட்டை எடுத்துவிட்டு ஒற்றை விரலால் தள்ளிப் பாருங்கள். தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே இழுவையோடு, எங்கும் தட்டாமல் போய்ச் சேர வேண்டும். பிறகு வண்டியின் நுனியைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். கைக்கு ஆட்டம் தெரிந்தால், அதன் மோட்டார் எத்தனை குதிரைவலு என்று கேட்கவே வேண்டாம். பட்டறைகளில் ‘பேனல் சோ’ என்று அழைக்கப்படும் இந்த இயந்திரத்தின் உயிர் அந்த வண்டியில்தான் இருக்கிறது.

சாதாரண மேசைவாளில் மேசை அசையாது. பலகையைக் கைடில், அதாவது வாளுக்கு இணையான பக்கச்சட்டத்தில், அழுத்திப் பிடித்து நாம்தான் வாளுக்குள் தள்ள வேண்டும். கை நடுங்கினால் வெட்டும் நடுங்கும். நகர்மேசை வாளிலோ பலகை வண்டியின் மேல் படுத்திருக்கிறது. வண்டி தண்டவாளத்தில் போகிறது, மரம் அதோடு போகிறது. தச்சரின் வேலை மரத்தை நேராக வைத்துக் கிளாம்ப்பை இறுக்குவதோடு முடிந்துவிடுகிறது. 1906இல் பெர்லினில் வில்ஹெல்ம் அல்டென்டோர்ஃப் என்ற தச்சர் உருவாக்கிய ஏற்பாடு இது. நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும், இன்று ஆளுயரப் பலகைகளை அறுக்கும் தொழிற்சாலை இயந்திரம் வரை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது அவருடைய அதே யோசனைதான்.

இலங்கை மலையகத்தில் நம் அக்கரப்பத்தனைப் பக்கத்து மரத்தை வைத்துப் பார்த்தால் அந்த யோசனையின் அருமை இன்னும் நன்றாக விளங்கும். தேயிலைக்கு நிழலாக நிற்கும் சவுக்கு, அதாவது கிரவீலியா, மரக்காலையிலிருந்து ஓரத்தில் பட்டையோடுதான் வருகிறது. ஒரு பக்கமாவது நேராக இல்லாத பலகையைக் கைடில் சாத்த முடியாது. சீவுளி பிடித்து ஓரம் எடுப்பது அரை நாள் வேலை. நகர்மேசையில் அந்தப் பட்டைப் பலகையை அப்படியே வண்டியில் கிடத்தி, இரு முனையிலும் இறுக்கி, ஒரு தள்ளுத் தள்ளினால் பட்டை தனியே விழுந்துவிடும். மிஞ்சுவது நூல் பிடித்த ஓரம். அதைக் கைடில் சாத்தி மறுபக்கத்தை அறுத்தால் பலகை தயார். சவுக்கை ஆரப்போக்கில் அறுத்தால் முகத்தில் பட்டுப்போல மின்னும் செதில்கள் தெரியும். விறகென்றும் வேலிக்கம்பென்றும் நாம் கழித்துவிடும் மரத்துக்குள் இப்படி ஓர் அழகு இருப்பது நேரான முதல் வெட்டு விழும்போதுதான் கண்ணுக்குப் படுகிறது. எனக்கு இந்த இயந்திரத்தின் மேல் இருக்கும் பிரியத்துக்கு இந்த ஒரு வெட்டே காரணம்.

அந்த நேர்த்திக்குப் பின்னால் இருப்பவை மிக நுண்ணிய அளவுகள். வண்டியின் மேல்தளம் வார்ப்பிரும்பு மேசையைவிட மயிரிழை உயர்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பலகை வண்டியோடு போகாமல் மேசையில் உரசி நிற்கும். வண்டி ஓடும் திசையும் வாள்தட்டும் ஏறக்குறைய இணையாக இருக்க வேண்டும். ஏறக்குறைய என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. பலகை வாளைக் கடந்து போகும்போது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு விலகிப்போகும்படி வைப்பார்கள். அப்போதுதான் பின்னால் மேலெழும் பற்கள் வெட்டிய முகத்தை மறுபடி கீறாமல் இருக்கும். இந்தத் திருத்தத்துக்கான திருகுகள் எங்கே இருக்கின்றன, கை எட்டுமா, ஒரு சாவியால் முடியுமா என்பதை வாங்கும்போதே குனிந்து பார்த்துவிட வேண்டும். தலவாக்கலை, லிந்துலை வழியாக லொறியில் அத்தனை வளைவும் குலுங்கி வந்து இறங்கும் இயந்திரத்தை, இறக்கிய இடத்தில் ஒரு தடவையாவது திருத்தத்தான் வேண்டியிருக்கும்.

பாதுகாப்பிலும் இது மேலான இயந்திரம். 315 மி.மீ. வாள்தட்டு நிமிடத்துக்கு 4,000 சுற்றில் ஓடினால் அதன் பல் நொடிக்கு 66 மீட்டர் வேகத்தில் போகிறது. பின்பற்கள் மரத்தைக் கவ்வினால் அந்த வேகத்தோடு நம்மை நோக்கி எறியும். மரக்காலையில் டர்பன்டைன் என்று விற்கும் யூகலிப்டஸ் இதில் பொல்லாதது. வளரும்போதே உள்ளுக்குள் இறுக்கம் சேர்த்து வைத்திருக்கும் அந்த மரம், நெடுக்காக அறுக்க அறுக்க விரியும், அல்லது மூடிக்கொண்டு வாளைப் பிடிக்கும். வாளுக்குப் பின்னால் அதனோடு சேர்ந்தே ஏறி இறங்கும் பிளவுத்தகடு இல்லாத இயந்திரத்தை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. நகர்மேசையில் நாம் வாளின் கோட்டுக்கு நேரே நிற்பதில்லை, இடப்பக்கம் வண்டியோரமாக நிற்கிறோம். எறிந்தாலும் மரம் நம்மைத் தாண்டிப் போகும். சின்னத் துண்டுகளை அறுக்க ஜெர்மன் தச்சர்கள் வண்டியின் மேல் இரண்டு மரக்கட்டைகளை எதிரெதிரே வைத்து, நடுவே துண்டைக் கவ்விப் பிடித்துத் தள்ளுவார்கள். ஃபிரிட்ஸ், ஃபிரான்ஸ் என்று அவற்றுக்கு ஆட்பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு மணி நேரத்தில் கழிவுப் பலகையில் செய்துகொள்ளலாம். விரல் வாளுக்கு அருகில் போகவே வேண்டியதில்லை.

சதை பட்ட கணத்தில் வாளை நிறுத்தும் இயந்திரமும் உண்டு. அமெரிக்காவில் ஸ்டீவ் காஸ் 1999இல் கண்டுபிடித்த சோஸ்டாப் முறையில், ஓர் அலுமினியக் கட்டை சில மில்லிசெக்கன்களுக்குள் வாளில் பாய்ந்து அதை நிறுத்திவிடும். உடலில் மின்சாரம் பாய்வதை வைத்தே அது சதையை அறிகிறது. ஈரம் வடியாத பச்சை மரமும் அதே மாதிரி மின்சாரத்தைக் கடத்தும், அதனால் வீணாகவே பாயக்கூடும். மே மாதத்திலிருந்து மழையும் மூடுபனியும் மாறி மாறி இறங்கும் நம் பக்கத்தில், மரத்தை நன்றாக உலர்த்தாமல் அந்த வாளில் வைக்கக் கூடாது.

இனி இடம். லயத்துக் காம்பரா 10 அடிக்கு 12 அடி. குடும்பமே நெருங்கிக் கிடக்கும் இடத்தில் வாளுக்கு வழியில்லை. வீடமைப்புத் திட்டத்தில் 7 பேர்ச்சஸ் காணியில் 550 சதுர அடி வீடு கிடைத்தவர்கள், சரிவையும் நடைபாதையையும் கழித்த பிறகு பின்புறம் 12க்கு 16 அடியில் ஒரு தகரக் கொட்டில் போடலாம். எட்டுக்கு நாலு அடிப் பலகையை முழுதாக அறுக்கும் 3.2 மீட்டர் வண்டிக்கு முன்னும் பின்னும் சேர்த்து ஆறரை மீட்டருக்கு மேல் ஓட்டம் வேண்டும். அது தொழிற்சாலைக்கு உரியது. 2 மீட்டர் வண்டி நாலு மீட்டருக்குச் சற்று மேலே அடங்கும். கட்டில் சட்டமும் கதவுப் பலகையும் அதில் ஓரம் எடுபடும். அக்கம்பக்கத்தாருக்குக் கட்டிலும் கதவும் செய்பவருக்கு அதுதான் சரி. அலுமாரி, பிள்ளைகளின் படிப்பு மேசை, சாமித்தட்டு என்று தன் வீட்டுக்கு மட்டும் செய்பவர் 1.25 மீட்டர் வண்டியோடு நிறைவாக வேலை செய்யலாம். முழுப் பலகையைத் தரையில் நுரைத்தகட்டின் மேல் போட்டு, நேர்ச்சட்டம் பிடித்துக் கைவட்டவாளால் முதலில் பெரிதாக வகுத்துவிட்டு, கணக்கான வெட்டை மட்டும் மேசையில் போட்டால் போதும்.

மின்சாரத்தையும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். வீட்டு இணைப்பு 230 வோல்ட் ஒற்றைக்கட்டம். 3 கிலோவாட் மோட்டார் ஓட்டத்தில் 13 ஆம்பியர் பிளக்கைத் தாண்டி இழுக்கும், புறப்படும் நொடியில் அதைவிடப் பல மடங்கு. மின்பலகையிலிருந்து தனிக் கம்பியும் தனி பிரேக்கரும் இல்லாமல் ஓட்டக் கூடாது.

முன்கீறல் வாள் வேண்டுமா என்று எல்லோரும் கேட்பார்கள். பெரிய வாளுக்கு முன்னால், எதிர்த்திசையில் சுழன்று, அடிமுகத்தை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கீறிவிடும் சின்னத் தட்டு அது. பெரிய வாளின் பல் மேலிருந்து இறங்கி அடியில் வெளியேறும்போது மெலமைனையும் ஒட்டுப்பலகையின் மேல்தோலையும் பிய்த்துவிடும். முன்கீறல் அதைத் தடுக்கிறது. பென்ட்ரி அலுமாரி செய்து விற்பவருக்கு அது அவசியம். சவுக்கு மரத்தில் வேலை செய்பவருக்கு அந்தப் பணத்தை நல்ல வாள்தட்டுகளில் போடுவதுதான் புத்தி: நெடுக்காக அறுக்கப் பல் குறைந்த ஒன்று, குறுக்காக அறுக்கப் பல் நெருங்கிய ஒன்று.

மேசை வார்ப்பிரும்பாகவே இருக்கட்டும். அந்தக் கனம்தான் அதிர்வை விழுங்குகிறது. ஆனால் பனி படிந்த ஒரே இரவில் அதில் துரு பூக்கும். வேலை முடிந்ததும் துடைத்து, சிலிக்கோன் கலக்காத மெழுகைத் தேய்த்துவிடுங்கள். தூசியை இழுக்கும் குழாயும் விசிறியும் ஆடம்பரம் அல்ல. மரத்தூசியை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. பனிக்காகக் கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்யும் நமக்கு இது இன்னும் முக்கியம்.

கடைக்குப் போகும்போது ஐந்நூறு அல்லது அறுநூறு மி.மீ. சதுரத்தில் ஓர் எம்.டி.எஃப். துண்டும் வெர்னியர் அளவுகோலும் கொண்டுபோங்கள். துண்டை வண்டியின் குறுக்குச் சட்டத்தில் சாத்தி நாலு பக்கமும் வெட்டச் சொல்லுங்கள், ஒவ்வொரு தடவையும் அப்போது வெட்டிய பக்கம் சட்டத்தில் சாய வேண்டும். ஐந்தாவதாக முதல் பக்கத்திலிருந்து ஓர் அங்குல அகலக் கீற்றை அறுத்து, அதன் இரு முனை அகலத்தையும் அளந்து, வித்தியாசத்தை நாலால் வகுங்கள். சட்டத்தின் பிழை அதுதான். அரை மீட்டர் நீளத்துக்குப் பத்தில் ஒரு மில்லிமீட்டருக்குள் இருந்தால் நல்ல இயந்திரம். பிறகு சட்டத்தைக் கழற்றி மறுபடி பூட்டி இன்னொரு தடவை பாருங்கள், அதே எண் வர வேண்டும். இதைச் செய்து காட்ட மனமில்லாத விற்பனையாளரிடம், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்காதீர்கள்.