தாய்ப்பாலும் பேர்க் கணக்கும்

சென்ற ஆண்டு ஆகஸ்டு முதல் வாரத்தில் பதுளையில் நடந்த மாணவர் பேச்சுப் போட்டி ஒன்றில் நடுவருள் ஒருவனாக அமர்ந்திருந்தேன். 1992ஆம் ஆண்டு தொடக்கம் அவ்வாரம் உலகெங்கும் தாய்ப்பாலூட்டல் வாரமாகக் கொள்ளப்படுவதால், பேச்சின் பொருளும் தாய்ப்பாலே. பேசிய பதினொருவரில் எழுவர் புறநானூற்றின் 278ஆம் செய்யுளை எடுத்தாண்டனர். மண்டபம் எழுமுறையும் கைதட்டிற்று. பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்த மாணவி மட்டும் செய்யுள் எதனையும் தொடவில்லை. தாய் கொழுந்து மலையிலிருந்து இறங்கிவர இயலாத நாட்களில் தம்பிக்குப் போத்தலில் என்ன கரைத்துக் கொடுக்கப்பட்டது, எத்தனை கரண்டி மா, எவ்வளவு தண்ணீர் என்பதைக் கணக்கு ஒப்புவிப்பதுபோலச் சொல்லிவிட்டு அமர்ந்தாள். 'இலக்கியச் சுவை குறைவு' என்று குறித்து, அவளுக்குப் பத்துக்கு நான்கு புள்ளி இட்டேன். வீடு திரும்பும் வழியில்தான், இலக்கியச் சுவை என்று நான் எதனைக் கருதினேன் என்னும் ஐயம் என்னைப் பற்றிக்கொண்டது.

எழுவரும் எடுத்தாண்ட செய்யுள் காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடியது. நரம்பெழுந்து தோள் மெலிந்த முதியவள் ஒருத்தி, தன் மகன் போரிலே புறமுதுகிட்டான் என்று பலர் கூறக் கேட்கிறாள். அது மெய்யாயின் அவன் பாலுண்ட மார்பை அறுத்தெறிவேன் எனச் சினந்து, வாளேந்திக் களம் புகுந்து, பிணங்களைப் புரட்டிப் பார்க்கிறாள். மகன் சிதைந்து கிடக்கக் கண்டு, அவனைப் பெற்ற நாளினும் பெரிதும் மகிழ்கிறாள். செய்யுளின் வலிமையை மறுப்பாரில்லை. பாடியவரும் பெண்பாற் புலவரே. ஆனால் பால் அங்கே மகன் திருப்பித் தரவேண்டிய கடனாக நிற்கிறது. மேடைத் தமிழுக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. தாயின் மார்பைக் கொடியாக ஏற்றிவிட்டோம். கொடிக்குப் பசியில்லை; கொடி வேலைக்குப் போவதுமில்லை.

நம் இலக்கியத்தில் பாலூட்டும் தாய் வேறெங்கே இருக்கிறாள் என்று தேடினேன். பிள்ளைத்தமிழ் குழந்தைக்கென்றே எழுந்த இலக்கிய வகை. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி என்று பத்துப் பருவம் வகுத்த புலவர்கள், பாலுண்ணலுக்கென ஒரு பருவம் வகுக்கவில்லை. குழந்தை ஆடுகிறது, கைகொட்டுகிறது, நிலவை அழைக்கிறது. உண்பது மட்டும் பாட்டுக்குப் புறத்தே நடந்துவிடுகிறது. பெரியாழ்வார் விதிவிலக்கு. கண்ணனைப் பாலுண்ண வருமாறு யசோதை கெஞ்சி அழைப்பதை ஒரு பதிகமாகவே பாடினார். அப்பதிகத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். யசோதையின் மத்தும் தயிர்ப்பானையும் வீட்டிலேயே இருந்தன. பிள்ளை கூப்பிடு தூரத்தில் விளையாடிக்கொண்டிருந்தது. தாய் அழைக்க, வராமல் ஓடியவன் பிள்ளை. நமுனுகுலைச் சரிவிலே அழைப்பது பிள்ளை. வர இயலாதவள் தாய்.

நான் தேடியது 164ஆம் செய்யுளில் இருந்தது. பெருந்தலைச் சாத்தனார் பாடியது. சமைப்பதையே மறந்த அடுப்பில் காளான் பூத்திருக்கிறது. பசியால் வாடிய தாயின் வற்றிய மார்பைக் குழந்தை சுவைக்குந்தோறும் பால் வராமையால் அழுகிறது. அழும் பிள்ளையின் முகத்தைத் தாய் நோக்குகிறாள். நீர் நிறைந்த அவள் கண்களைக் கணவனாகிய புலவன் நோக்குகிறான். நோக்கிவிட்டு வள்ளலைத் தேடிப் புறப்படுகிறான். வீரமோ சூளுரையோ அங்கே இல்லை. அடுப்புக்கும் மார்புக்கும் உள்ள தொடர்பை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் ஒருவன் கண்டு சொன்னான். எழுவரில் ஒருவரும் அதனைச் சொல்லவில்லை; அவர்களுக்கு அதனைக் கற்பித்திராத ஆசிரியர் கூட்டத்தில் நானும் ஒருவன்.

இவ்விடத்துப் புலவரோடு சிறிது வேறுபடவும் வேண்டியிருக்கிறது. அரைவயிறு உண்ணும் தாய்க்கும் பெரும்பாலும் பால் சுரக்கும் என்பது இன்றைய மருத்துவ அறிவு. குழந்தை சுவைக்கச் சுவைக்கப் பால் ஊறும்; சுவைக்கும் இடைவெளி நீள நீளச் சுரப்புக் குறையும். பட்டினி தாயின் உடலை உருக்குகிறது என்பது உண்மை. ஆயினும் பாலை விரைவாக வற்றச் செய்வது பிரிவு. தோட்டத்துத் தாயின் கதையை விளங்கிக்கொள்ள இந்த உண்மையே திறவுகோல்.

அவளுடைய ஒரு நாளைப் பார்ப்போம். விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டி, பிள்ளையைத் துணியிற் சுற்றிப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, பெரட்டுக்கு நின்று, மலை ஏறுகிறாள். இப்போது அதற்குச் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பெயர்ப்பலகை உண்டு. லயத்தில் அது இன்னும் பிள்ளைக்காம்பராதான். மலை எந்த இலக்கத்தில் அன்று கொழுந்து எடுக்கிறார்களோ அதைப் பொறுத்து அவளுக்கும் பிள்ளைக்கும் இடையிலுள்ள தூரம் மாறும். ஒரு வயது நிரம்பாத பிள்ளைக்குப் பாலூட்ட நாளொன்றுக்கு இரு இடைவேளைகள் உண்டென்று நம் நாட்டு மகப்பேற்று நன்மைகள் சட்டம் சொல்கிறது. பிள்ளைக்காம்பரா இருந்தால் ஒவ்வொன்றும் அரைமணி. இல்லையேல் ஒரு மணி. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் செங்குத்தான வரிசைகளிடையே இறங்கிப் போய், பாலூட்டி, மீண்டும் ஏறிவர அந்த அரைமணி எம்மலையிற் போதும்? அவள் கீழே இருக்கும் பொழுதில் கூடை நிறைவதில்லை. நிறுவையில் கிலோக் குறைந்தால் முழுப்பேர் விழாது, அரைப்பேர்தான். தோட்டத்து வழக்கில் ஒரு நாள் உழைப்பை 'பேர்' என்பார்கள். செக்ரோலில் எழுதப்படும் பெயரே அன்றைய கூலி. பிள்ளைக்கு ஒருதரம் அதிகமாகப் பால் கொடுத்தவள், தன் பெயரிற் பாதியை இழக்கிறாள்.

பாலைப் பிழிந்து வைத்துவிட்டுப் போகலாமே என்று அறிவுரை கூறுவோர் உளர். தவறான அறிவுரையன்று. அதிகாலை நான்கு மணிக்கு, ஒரே காம்பராவில் ஆறுபேர் படுத்திருக்கும் லயத்தில், அடுப்பையும் கவனித்துக்கொண்டு அதனைச் செய்து காட்ட அவர்கள் ஒருதரம் வந்தால் நன்று.

சட்டத்தின் கணக்கையும் மருத்துவத்தின் கணக்கையும் அருகருகே வைத்தால் இன்னொன்று புலப்படும். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுக்கவேண்டும் என்பது மருத்துவம். மகப்பேற்று நன்மைகள் சட்டம் தருவதோ 12 வாரம். அதிலும் 2018ஆம் ஆண்டுத் திருத்தம் வரும்வரை, இரு பிள்ளைகளை உடையவள் மூன்றாவது பெற்றால் ஆறு வாரமே கிடைத்தது. மூன்றாம் பிள்ளையின் வயிறு பாதி அளவினது என்று யாரோ கண்டுபிடித்தார்கள் போலும்! அரச ஆசிரியையர் நிலை வேறு. 84 வேலை நாள் முழுச் சம்பளம். விரும்பினால் மேலும் 84 நாள் அரைச் சம்பளம். அதன் பின்னும் 84 நாள் சம்பளமின்றி வீட்டிலிருக்கலாம். என் மனைவியும் ஆசிரியையே. எங்கள் மகன் ஆறு மாதம் வரை வேறொன்றும் உண்ணாமல் வளர்ந்ததை நான் பலரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பெருமையில் எத்தனை பங்கு எங்கள் அறிவுக்கும் அன்புக்கும் உரியது, எத்தனை பங்கு விடுமுறை விதிக்கு உரியது என்று அன்று எண்ணிப் பார்த்தவனல்லன்.

போத்தலுக்கு வருவோம். சிசிலி வில்லியம்ஸ் என்னும் மருத்துவர் 1939இல் சிங்கப்பூர் ரோட்டரிச் சங்கத்தார் முன் 'பாலும் கொலையும்' என்ற தலைப்பில் உரையாற்றினார். இனிப்பூட்டிய டின் பாலைக் குழந்தை உணவென்று விற்பதால் நேரும் சாவுகளைக் கொலை என்றே அழைக்கவேண்டும் என்றார். இலங்கையின் மகப்பேற்று நன்மைகள் சட்டம் பிறந்ததும் அதே 1939இல்தான். 1974இல் 'வார் ஒன் வான்ட்' என்னும் இயக்கம் லண்டனில் மைக் முல்லரின் சிறுநூலை வெளியிட்டது. 1977இல் நெஸ்லே பொருட்களைப் புறக்கணிக்கும் இயக்கம் அமெரிக்காவில் தொடங்கிற்று. 1981 மே மாதத்தில் உலக சுகாதாரப் பேரவை, தாய்ப்பாலுக்கு மாற்றான பொருட்களின் விற்பனையைக் கட்டுப்படுத்தும் நெறிக்கோவையை 118 வாக்குகளால் ஏற்றது. எதிர்த்து விழுந்த ஒரே வாக்கு ஐக்கிய அமெரிக்காவினது. இலங்கை 1983இல் தன் நெறிக்கோவையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இன்று பதுளைக் கடைத்தெருவில் கொழுத்த குழந்தையின் படம் காட்டிச் சிசுப் பால்மா விளம்பரம் செய்தல் இயலாது என்றால், அது பலர் போராடிப் பெற்றது.

விளம்பரத்தைத் தடுக்கலாம், தாய் மலையிலிருக்கும் ஆறு மணி நேரத்தைத் தடைச் சட்டம் நிரப்பாது. அந்த வெற்றிடத்தில்தான் போத்தல் வந்து நிற்கிறது. முறைப்படி கரைத்தால் நான்கு மாதக் குழந்தைக்கு 400 கிராம் சிசுப் பால்மா மூன்று நான்கு நாட்களுக்கு மேல் வராது. தோட்டத்தில் பலர் வாங்குவது அதுவுமன்று. வீட்டார் தேநீருக்குக் கலக்கும் சாதாரணப் பால்மாவே. 2022 மார்ச்சில் அதன் 400 கிராம் பொதியின் விலை 790 ரூபாய் ஆயிற்று. முந்திய ஆண்டு சம்பள நிர்ணய சபை வகுத்த நாட்சம்பளம் 1,000 ரூபாய். அப்போது தாய் என்ன செய்வாள்? கரண்டியைக் குறைத்து, தண்ணீரைக் கூட்டுவாள். தண்ணீரோ ஓடையிலிருந்து குழாய்வழி வருவது. போத்தலைக் கொதிக்கவைக்க விறகு வேண்டும். அம்மாணவி மேடையில் சொன்ன கரண்டிக் கணக்கு இதுதான்.

இனிப் பதுளை நகரத்துப் படித்த பெற்றோர். எங்கள் பாட்டிமார் காலத்தில் லக்டோஜன் டின் வீட்டுக்கு வந்தால் அது அந்தஸ்து. வெறும் டின்னும் சீனி போட்டு வைக்க அலுமாரி மேல் அமர்ந்திருக்கும். இன்று நிலை தலைகீழ். பால்மா வாங்கியவர் அதனைப் பழைய செய்தித்தாளிற் சுற்றி மறைத்துக்கொண்டு போகிறார். பிள்ளை இரவில் இருமுறை அழுதால் மாமியார் 'பால் பத்தாது' என்று தீர்ப்புரைக்கிறாள். போத்தலைக் கையிலெடுத்தால் அயலவள் 'ஏன், பால் இல்லையா?' என்று வினவுகிறாள். இரு நாக்குகளுக்கும் இடையில் அகப்பட்டவள் இருபது நாட்களுக்கு முன் பிள்ளை பெற்றவள். அன்றைய பெருமையும் இன்றைய வெட்கமும் ஒரே தவற்றின் இரு முகங்கள்: இரண்டுமே பாலைத் தாயின் குணத்துக்குச் சான்றிதழாக்குகின்றன. என் தமக்கை நோயுற்றிருந்தமையால் அவள் மகள் டின் பாலிலேயே வளர்ந்தாள். கொதித்த நீரும் போதிய பணமும் ஓய்வான கைகளும் அவ்வீட்டில் இருந்தன; குறையேதும் நேரவில்லை. அவளைக் குறைத்துப் பேசியவர்களை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

நாட்டின் கணக்கு நமக்குப் பெருமையளிக்கிறது. 2016ஆம் ஆண்டுக் குடித்தொகை சுகாதார அளவீட்டின்படி ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் 82 வீதத்தினர் தாய்ப்பால் மட்டுமே உண்டனர். 2020இல், தாய்ப்பாலூட்டலுக்கு ஆதரவளிக்கும் கொள்கைகளை ஒப்பிட்ட பட்டியலில் 97 நாடுகளுள் இலங்கை முதலிடம் பெற்றது. குடும்ப நலத் தாதியர் மலைப்பாதைகளில் நடந்து நடந்து ஈட்டிய வெற்றி அது, அதனைச் சிறுமைப்படுத்தலாகாது. ஆனால் அதே 2016ஆம் ஆண்டு அளவீடு இன்னொன்றும் சொல்கிறது. ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுள் வளர்ச்சி குன்றியோர் நாடளாவிய நிலையில் 17 வீதம். தோட்டங்களில் 32 வீதம். தாயின் உணவு, வருமானம், நீர், லயம் எல்லாம் சேர்ந்து எழுதிய இலக்கம் அது. முதலிடப் பட்டியலை வகுப்பறைச் சுவரில் ஒட்டிய நாம் இந்த இலக்கத்தை ஒட்டவில்லை.

நம்முடைய முகாமையும் விட்டுவைக்க முடியாது. சம்பளப் போராட்டம் நடக்கும் காலங்களில் ரூபாய் இலக்கம் சுவர்களில் பெரிதாக எழுதப்படுகிறது, எழுதப்படவேண்டியதே. பாலூட்டும் நேரத்தைப் பேர் குறையாமல் கொடு என்ற வாசகத்தை நான் எந்தச் சுவரிலும் கண்டதில்லை. கூட்டம் கூட்டி மேடையேறுவோர் பெரும்பாலும் ஆண்களாக இருப்பது இதற்கொரு காரணம் என்பதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை. மலையக எழுத்தும் கூடையின் நிறையை நன்றாக அறிந்திருக்கிறது, என்.எஸ்.எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' அதற்குச் சான்று. நண்பகலில் பால் கட்டி நோகும் மார்போடு அக்கூடையைச் சுமப்பவள் நான் படித்த கதைகளில் ஓரிரு வரிகளுக்கு மேல் இடம் பெறவில்லை.

இவ்வாண்டு பத்தாம் வகுப்பு மாணவருக்கு, பாடவேளைக்குப் புறம்பாக, 164ஐப் படிப்பித்தேன். அச்செய்யுளின் முடிவு இரப்போன் குரலில் இல்லை. என் நிலையை அறிந்தாயாதலின், உன்னை வளைத்தாயினும் பெறாமல் விடமாட்டேன் என்கிறார் புலவர். "குமணன் கொடுத்தானா, சேர்?" என்று பின்வரிசையிலிருந்து ஒருத்தி கேட்டாள். குமணன் அப்போது தம்பியிடம் நாட்டை இழந்து காட்டிலிருந்தான். கொடுக்க அவனிடம் எஞ்சியிருந்தது தன் தலையே, அதனை வெட்டிக்கொள்ளும்படி வாளை நீட்டினான் என்று சொன்னேன். அவள் சிறிது யோசித்துவிட்டு, "தோட்டத்தில் யாரும் நாட்டை இழக்கவில்லையே, சேர், அரைமணிதானே கேட்கிறோம்" என்றாள். நான் புள்ளி இடவில்லை.