மாத்திரை போடாம போங்க

சான்றிதழ் முகாமுக்குக் கிளம்பிய ஒரு பெரியவருக்குப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன யோசனை இது. கல்பாக்கத்தை ஒட்டிய கிராமம். பெரியவருக்குப் பார்க்கின்சன். லெவோடோபா மாத்திரை போட்டால் சில மணி நேரம் நடப்பார், சட்டைப் பட்டனைக்கூடத் தானே போட்டுக்கொள்வார். மருந்தின் வேகம் இறங்கினால் கட்டிலை விட்டு எழ ஆள் வேண்டும். "மாத்திரை போட்டுட்டுப் போனா, நல்லாத்தானே இருக்கீங்கன்னு எழுதிடுவாங்கண்ணே" என்றார் அவர். கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தை எடுத்துப் படித்தேன். சிரிப்பு போய்விட்டது.

1995 சட்டத்தில் ஏழு வகைகள்தான். 2016 சட்டம் அதை 21 ஆக்கியது. பார்க்கின்சன், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், ஹீமோபிலியா, தலசீமியா, சிக்கிள் செல் எல்லாம் உள்ளே வந்தன. நல்ல விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் பந்திக்கு அழைத்துவிட்டு இலை போடவில்லை. பிரிவு 34-ஐப் பாருங்கள்: அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீடு யார் யாருக்கு என்று வரிசையாகச் சொல்கிறது. மேலே சொன்ன ஐந்தும் அந்த வரிசையில் இல்லை. நாள்பட்ட சிறுநீரக நோயோ அட்டவணையிலேயே இல்லை. வாரம் மூணு தடவை டயாலிசிஸுக்குப் போகிறவரை எந்த முதலாளி வேலைக்கு வைத்துக்கொள்வார்?

தமிழ்நாடு இதில் கொஞ்சம் பரவாயில்லை. பராமரிப்பு உதவித்தொகையில் பார்க்கின்சனையும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸையும் தனி வகையாகவே சேர்த்து மாதம் 2,000 ரூபாய் தருகிறது. ஒன்றிய அரசின் ஓய்வூதியத்துக்கு 80 சதவீதக் குறைபாடு வேண்டும். அதன் பங்கு 300 ரூபாய். 2012-லிருந்து அதே 300. இந்தக் காசுக்கு என்ன வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது அந்தச் சதவீதம். 40-க்குக் கீழே என்றால் வெள்ளை அட்டை, 40 முதல் மஞ்சள், 80 முதல் நீலம். கால் இழந்தவரின் சதவீதம் காலையிலும் மாலையிலும் ஒன்றுதான். பார்க்கின்சன்காரருக்குப் பத்து மணிக்கு ஒரு சதவீதம், ஒரு மணிக்கு வேறொன்று. வலி, அசதி, அடுத்த வாரம் எப்படி இருப்போம் என்கிற நிச்சயமின்மை, இதையெல்லாம் எந்த அளவுகோலால் அளப்பது? பிரிட்டனில் பாதிக்கு மேற்பட்ட நாட்களில் ஒருவரால் சமைக்க, குளிக்க முடிகிறதா என்று கேட்கிறார்கள். அந்த ஊரைப் புகழ வரவில்லை. 2025-ல் அங்கேயும் விதியை இறுக்கப் பார்த்தார்கள், ஆளுங்கட்சிக்குள்ளேயே எதிர்ப்பு கிளம்பவும் ஜூலையில் பின்வாங்கினார்கள். ஆனாலும் கேள்வி சரியான கேள்வி. நம் படிவமும் அதைக் கேட்கலாம்.

அணுமின் டவுன்ஷிப் ஊழியர்களுக்குத் துறையின் மருத்துவத் திட்டம் இருக்கிறது. காம்பவுண்டுக்கு வெளியே இருப்பவருக்கு இந்த அட்டைதான் எல்லாம்.

பெரியவர் கடைசியில் மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் போனார். பஸ் படி ஏறணுமே.