படாஸ்கர் கணக்கில் விடுபட்ட நீர்

கர்நாடகத்தில் இருக்கும் பெலகாவிக்காக மகாராஷ்டிரம் இன்றும் கேட்பது, திருத்தணிப் பக்கத்தில் ஒருமுறை போட்டுப் பார்த்த கணக்கைத்தான். கிராமம்தான் அலகு, அங்கே பெரும்பான்மையோர் பேசும் மொழி எது, நிலம் தொடர்ச்சியாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும். ஆந்திரத்துக்கும் சென்னை மாநிலத்துக்கும் நடுவராக இருந்த ஹெச். வி. படாஸ்கர் வகுத்த இந்த வழியில்தான் 1959இல் எல்லை மாற்றச் சட்டம் வந்தது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி வட்டத்தின் பெரும்பகுதி சென்னை மாநிலத்துக்கு வந்தது. சத்தியவேடு வட்டாரம் ஆந்திரத்துக்குப் போனது. மணவூரை அடுத்த திருவாலங்காடும் திருத்தணியோடு சென்னை மாநிலத்துக்கு வந்து சேர்ந்த ஊர்.

இந்த முறையின் பலம் அதன் வறட்டுத்தனம். ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் உயிர்நாடி, பழைய இலக்கியம் தமிழகத்தின் வடக்கெல்லையாகச் சொல்லும் வேங்கடம், அதாவது திருப்பதி மலை. ஆனால் இலக்கியத்தையும் வரலாற்றையும் மேசையில் வைத்தால் எதிர்த்தரப்பும் தன் பங்குக்கு எடுத்து வைக்கும், வழக்கு முடியாது. மாவட்டத்தை அலகாக்கினாலோ, சித்தூரின் தெலுங்குப் பெரும்பான்மைக்குள் திருத்தணி கரைந்துவிடும். ஊர்க்கணக்கை இரு தரப்பும் சரிபார்க்கலாம். திருப்பதி கிடைக்காத வருத்தம் தமிழ்நாட்டில் தங்கிவிட்டது, உண்மைதான். ஆனாலும் அந்தக் கோடு நிலைத்துவிட்டது. பெலகாவியிலோ, அந்த எல்லைத் தகராறை ஆராய்ந்த மகாஜன் ஆணையத்தின் 1967 அறிக்கையை மகாராஷ்டிரம் ஏற்கவில்லை. 2004இல் உச்ச நீதிமன்றம் போனது.

பலவீனம் தாய்மொழிக் கட்டத்திலேயே தொடங்குகிறது. வீட்டில் தெலுங்கு, சந்தையில் தமிழ் என்று வாழும் குடும்பம் கணக்கெடுப்பாளரிடம் ஒரு பெயரைத்தான் சொல்ல முடியும். எல்லைப் போராட்டம் சூடாக இருக்கும்போது அந்தப் பதில் வெறும் தகவலா, வாக்குச்சீட்டா? சிறுபான்மையானவர்களின் பள்ளிப் படிப்பைக் கோடு கவனிக்காது. அரசியல் சட்டத்தின் 350ஏ பிரிவு தாய்மொழியில் தொடக்கக் கல்விக்கு வசதி செய்யச் சொல்கிறது. தமிழ்நாட்டின் 2006 தமிழ் கற்றல் சட்டம் தெலுங்குவழிப் பிள்ளைகளிடமும் தமிழ்ப் பாடம் கேட்கிறது. இரண்டுக்கும் நடுவே நிற்பது பள்ளிக்கூடம்.

இவற்றைவிடப் பெரிய குறை தண்ணீர். ராஜேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேடு பழையனூரைக் கோயிலுக்குக் கொடுக்கும்போது, பெண் யானையை நடத்தி எல்லை வகுத்ததைச் சொல்கிறது. அக்காலச் செப்பேடுகள் ஏரி, வாய்க்கால், நீர் உரிமை என்று எழுதித்தான் நிலத்தைக் கொடுத்தன. (சோழர் ஆட்சியைப் போற்றுவது என் நோக்கமல்ல, கொடுத்தவனும் பெற்றவனும் நீரில்லாத நிலத்தை நிலமாக மதிக்கவில்லை என்பதுதான் செய்தி.) படாஸ்கரின் மூன்று அளவுகோல்களில் ஆற்றுக்கு இடமில்லை. கொசஸ்தலையாற்றின் வடிநிலம் 3,727 சதுர கிலோமீட்டர். அதில் 877 ஆந்திரத்தில், மீதி தமிழ்நாட்டில். சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி ஏரி இந்த ஆற்றில்தான் இருக்கிறது. 2022இல் கத்தரபள்ளியிலும் முக்கலகண்டிகையிலும் நீர்த்தேக்கம் கட்ட ஆந்திரம் முனைந்தபோது, அதைக் கைவிடும்படி தமிழக முதல்வர் கடிதம் எழுத வேண்டியிருந்தது.

மொழியை ஓரங்கட்டி ஆற்றை வைத்து எல்லை வகுத்திருக்கலாம் என்பதல்ல என் வாதம். அப்படிச் செய்திருந்தால் திருத்தணி கலவரத்தில் முடிந்திருக்கும். கிராமவாரிக் கணக்கோடு, மேல்மடையில் எவர் எதைக் கட்டலாம் என்ற ஒப்பந்தத்தையும் 1959 சட்டத்திலேயே சேர்த்திருக்கலாம். பெலகாவிக்கு அந்தக் கணக்கை அப்படியே கேட்பவர்கள், அது எந்தக் கேள்விக்கு விடை, எதற்கு விடையில்லை என்று திருவள்ளூர் மாவட்டப் பொதுப்பணித்துறைக் கோப்புகளையும் புரட்டிப் பார்ப்பது நல்லது.