ஃபோர்மட் அடிக்க முன்னம்

2022 மார்ச் இறுதியில் இலங்கையில் மின்வெட்டு 13 மணி நேரம் வரை நீண்டபோது, வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் பாட்டுக் கேட்டது தீப்பெட்டி அளவான ஒரு சான்சா கிளிப் பிளஸில்தான். 2009இல் வந்த எம்பி3 கருவி. இணையம் தேவையில்லை, மெமரி கார்ட் போடலாம், ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் 15 மணி நேரம் வரை பாடும் என்பது தயாரிப்பாளர் கணக்கு. அப்பாவின் கசெட்டுகளிலிருந்து நான் மாற்றி எடுத்த இலங்கை வானொலிப் பதிவுகளும் பொப் பாடல்களும் அதன் 32 ஜிபி கார்டில் இருந்தன.

போன மாதம், பாட்டு ஏறிக்கொண்டிருக்கையிலேயே அவசரத்தில் வயரைப் பிடுங்கிவிட்டேன். அதன்பிறகு கார்டைத் திறக்க முடியவில்லை. மடிக்கணினி, ஃபோர்மட் செய்யச் சொன்னது. காலி வீதியில் ஃபோன் திருத்தும் தம்பியும் அதையே கேட்டார்: "அண்ணை, ஃபோர்மட் அடிச்சுத் தரட்டோ? பத்து நிமிசம்." வேண்டாமென்று கார்டை வாங்கிக்கொண்டு வந்தேன்.

இந்தக் கார்டுகளில் இருப்பது ஃபேட்32 என்ற கோப்பு முறை. புது ஒழுங்கையில் வீடு தேடுவதுபோலத்தான் அது வேலை செய்கிறது. முதல் கடையில் கேட்டால் அடுத்த சந்தியைக் காட்டுவார்கள், அங்கே கேட்டால் அடுத்ததை. ஒரு பாட்டின் துண்டுகளும் அப்படியே ஒன்றுக்கு அடுத்தது எதுவென்று ஓர் அட்டவணையில் எழுதப்பட்டிருக்கும். எழுதும் நேரத்தில் மின்சாரம் அறுந்தால் அட்டவணை குழம்பும்; பாட்டுகளில் பெரும்பாலானவை இருந்த இடத்திலேயே இருக்கும்.

முதலில் டெஸ்ட்டிஸ்க். கிறிஸ்டோப் கிரெனியே எழுதிய இலவச மென்பொருள். கறுப்புத் திரை, ஆங்கில எழுத்து, மவுஸுக்கு வேலையில்லை, பழகச் சிரமம்தான். ஆனால் முழுக் கார்டையும் ஒரே கோப்பாகப் படியெடுக்கும் வசதி அதற்குள்ளேயே இருக்கிறது. அந்தப் படிக்கு மடிக்கணினியில் 32 ஜிபி இடம் வேண்டும். அப்படிப் படியெடுத்து ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் கார்டில் கை வைத்தேன். ஃபேட்32 தன் தொடக்கப் பகுதிக்கு ஒரு மாற்றுப் பிரதியை வழக்கமாக வைத்திருக்கும். டெஸ்ட்டிஸ்க் அதை எடுத்து மூலத்தின் இடத்தில் எழுதியதும் கார்ட் திறந்தது.

இரண்டாவது, விண்டோஸோடு வரும் செக்டிஸ்க். கார்ட் திறக்க முன்னம் ஓட்டியபோது, கோப்பு முறையையே அடையாளம் தெரியவில்லை என்று நின்றுவிட்டது. இப்போது ஓடியது. வேகமானது, எளிதானது. ஆனால் அதன் பொறுப்பு அட்டவணையைச் சீராக்குவது; உங்கள் பாட்டைக் காப்பது அல்ல. தொடர்பு அறுந்த துண்டுகளை 'ஃபவுண்ட்.000' என்ற மறைவான கோப்புறையில் பெயரில்லாமல் போட்டுவிடும். படியெடுக்காமல் இதை முதலில் ஓட்டுவது ஆபத்து.

மூன்றாவது, டெஸ்ட்டிஸ்க்கோடு சேர்ந்தே வரும் ஃபோட்டோரெக். இன்னும் வராத பாட்டுகளைத் தேட, இதை ஒதுக்கி வைத்த படியின்மேல் ஓட்டினேன். அட்டவணையைப் பாராமல், எம்பி3 எப்படித் தொடங்கும் என்ற அடையாளத்தை வைத்தே தேடுகிறது. நிறையக் கிடைத்தது, எல்லாம் வெறும் இலக்கப் பெயர்களோடு. துண்டு துண்டாக எழுதப்பட்டிருந்த சில பாட்டுகள் நடுவில் அறுந்திருந்தன.

பாடகர் பெயரும் பாட்டின் பெயரும் கோப்புக்குள்ளேயே ஐடி3 குறிப்பாக எழுதப்பட்டிருந்தவற்றை, எம்பி3டேக் என்ற மென்பொருள் ஒரே அழுத்தில் பழைய பெயருக்குத் திருப்பியது. கசெட் பதிவுகளுக்கு நான் அதை எழுதவே இல்லை.

என் பரிந்துரை: படி, டெஸ்ட்டிஸ்க், செக்டிஸ்க், கடைசியில் ஃபோட்டோரெக். இந்த ஒழுங்கை மாற்றாதீர்கள். கசெட்டிலிருந்து மாற்றும் அன்றே பெயரைக் கோப்புக்குள் எழுதிவிடுங்கள்.

இப்போது இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா ஒவ்வொரு பதிவாகக் கேட்கிறார். அறிவிப்பாளர் குரலை வைத்தே எந்த நிகழ்ச்சி என்று சொல்கிறார். நான் பக்கத்திலிருந்து எழுதிக்கொள்கிறேன்.